தலை ராவிய ஆறு ஸ்குரூ

ஒரு ஸ்குரூவைக் கழற்ற வேண்டுமானால் அதன் தலையில் ஒரு வெட்டு இருக்க வேண்டும். திருப்புளியின் நுனி அதில்தான் உட்காரும். அக்காவின் அறைக் கதவில் இருந்த ஸ்குரூக்களில் அந்த வெட்டு இல்லை. அப்பா அரத்தால் ராவி எடுத்திருந்தார். விரலால் தடவினால் சட்டைப் பொத்தானின் முதுகைப்போல வழுக்கியது.

போன புரட்டாசியில் ஓசூர் கம்பெனியில் நான்கு நாள் லீவு சொல்லிவிட்டு நான் ஊருக்கு வந்தது அவற்றைக் கழற்றத்தான். ஐப்பசி வந்தால் அக்கா இறந்து ஒரு வருஷம். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணை வருஷம் முடிவதற்குள் வீட்டுக்குள் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். புதுத்துணி எடுத்து, அவள் புழங்கிய இடத்தில் விளக்கேற்றி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுச் சாமியாக வைத்துக்கொள்வார்கள். அம்மா சேலைகூட எடுத்துவிட்டாள். ஆனால் அக்கா புழங்கிய இடம் பதினோரு மாதமாக மூடிக் கிடந்தது.

"வருசம் தாண்டிப் போச்சுன்னா அவ வெளியவே நின்னுருவாடா. பெறகு எத்தன தடவ கூப்புட்டாலும் வர மாட்டா," என்று அம்மா போனில் சொன்னாள். "நீ படிச்சவன். ஏதாவது செய்யி."

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்த முதல் ஆள். அப்பா கைநாட்டுத்தான் வைப்பார். அம்மாவும் அப்படித்தான். அக்கா எட்டாவதோடு நின்றாள். அதனால் ரேஷன் கார்டில் பேர் தப்பாக வந்தாலும், டிவியில் படம் வராவிட்டாலும், ஆட்டுக்கு வயிறு உப்பினாலும் என்னைப் பார்த்து அம்மா சொல்வது இந்த ஒன்றைத்தான். இந்த முறையும் அதே வார்த்தையைத்தான் சொன்னாள். குரல் மட்டும் வேறாக இருந்தது.

எங்கள் ஊர் குன்றாண்டார்கோவிலுக்கும் கீரனூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. வீடு, தொகுப்பு வீடு. ஒரு ஹால், ஓர் அடுப்படி, பிறகு அப்பா பக்கவாட்டில் சேர்த்துக் கட்டிய ஒரு சின்ன அறை. நிலை வைத்தாரே தவிர, அந்த அறைக்கு ரொம்ப நாள் கதவு கிடையாது. அம்மாவின் பழைய சேலை ஒன்று தொங்கும். அக்கா விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போன முதல் தீபாவளிக்கு போனஸ் போட்டார்கள். அவள் துணி எடுக்கவில்லை. புதுக்கோட்டையில் பழைய மரம் விற்கும் கடைக்குப் போய் ஒரு கதவு வாங்கி வந்தாள்.

திருமயம் பக்கம் இடித்த ஏதோ ஒரு பெரிய வீட்டின் கதவு அது. எங்கள் நிலைக்கு உயரம் கூடுதல் என்று அடியில் ஒரு சாண் அறுத்தார்கள். அறுத்த துண்டைக்கூட அக்கா கடையில் விட்டுவிட்டு வரவில்லை. அறை சின்னது, உள்ளே திறந்தால் கட்டிலில் இடிக்கும் என்று, கதவை ஹால் பக்கம் இழுத்துத் திறக்கிற மாதிரி மாட்டினார்கள். வெளியே பூட்டுப் போட வழி இல்லை. உள்ளே ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் மட்டும். பழைய வீட்டில் யாரோ தினமும் தொட்டுத் தொட்டு அது பளபளவென்று இருந்தது.

கதவு வந்த முதல் வாரம் நான் பழக்க தோஷத்தில் சட்டென்று இழுத்துத் திறந்துவிட்டேன். அக்கா சீப்போடு நின்றிருந்தாள்.

"ஏன், படிச்ச தொரைக்குக் கதவத் தட்டத் தெரியாதோ?"

"இது நம்ம வீடுதானக்கா?"

"வீடு ஒங்கப்பன் வீடு. கதவு என் கதவு. ரெண்டு தட்டு தட்டிட்டு வெளிய நில்லு."

அதற்குப் பிறகு எல்லோரும் தட்டினோம். அப்பாவும்தான். அவர் ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் இறக்கி ஏற்றும் வேலைக்குப் போகிறவர். இரும்பு பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப்போனவர். அவ்வளவு பெரிய கையால் அந்தக் கதவை ஒரே ஒரு விரலை மடக்கி, வலிக்கக் கூடாது என்பதுபோலத் தட்டுவார்.

காலை நாலரைக்கு அக்காவின் பட்டன் போனில் அலாரம் அடிக்கும். ஐந்தரைக்கு ரோட்டில் கம்பெனி பஸ். அந்த அலாரத்தில்தான் வீடே எழும். நான் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு இன்னொரு வழக்கமும் வந்தது. ஊரிலிருந்து பஸ் ஏறினால் விடியற்காலை ஐந்து மணி வாக்கில் ஓசூரில் இறங்குவேன்.

"எறங்குனதும் எனக்குப் போன் போட்டு ரெண்டு மணி விடு. நான் எடுக்க மாட்டேன். எடுத்தா நீ கதை பேசுவ, எனக்குப் பஸ்ஸு போயிரும்," என்றாள் அக்கா.

நானும் இரண்டு மணி அடித்ததும் துண்டித்துவிடுவேன். அந்த நேரத்தில் அவள் அறைக்குள் தலை சீவிக்கொண்டிருப்பாள். அங்கிருந்தே சத்தமாக, "தம்பி போய்ச் சேந்துட்டான்!" என்பாள். அடுப்படியிலிருந்து அம்மா, "சேந்துட்டானா?" என்று ஒருமுறை கேட்பாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

போன வருஷம் ஐப்பசியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், ஊசி போட்டார், வீட்டில் படுத்திருக்கச் சொன்னார். நானும் தீபாவளி லீவில் ஊரில்தான் இருந்தேன். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. இரவு ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டாள். "நாளைக்கு வேலைக்குப் போயிருவேன், அலாரம் வச்சிருக்கேன்," என்றாள்.

நாலரைக்கு அலாரம் அடித்தது. நிற்கவில்லை. ஓய்ந்து, ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி அடித்தது. "ஏ ஆத்தா, அத அமத்துடி," என்று ஹாலில் படுத்திருந்த அம்மா சொன்னாள். மூன்றாவது முறை அடித்தபோது அப்பா எழுந்து போய்க் கதவைத் தட்டினார். காய்ச்சல் என்பதால் அவள் தாழ்ப்பாள் போடவில்லை. ஆனாலும் அப்பா இரண்டு தட்டு தட்டிவிட்டு வெளியே நின்றார். நாங்கள் எல்லோரும் உள்ளே போனது அதற்கும் பிறகுதான்.

பெரியப்பா, அப்பாவுக்கு மூத்தவர், பஞ்சாங்கத்தோடு வந்தார். நட்சத்திரம் சதயம். "ஆறு மாசம் அடைப்பு," என்றார்.

அடைப்பு என்றால், சில நட்சத்திரங்களில் உயிர் போனால், போன இடத்தை அத்தனை மாதம் மூடி வைக்க வேண்டும். உடம்பையும் வாசல் வழியாக எடுக்கக் கூடாது. பின்சுவரை இடித்து அந்த வழியாக அக்காவை எடுத்துப் போனார்கள். சாயங்காலமே செங்கல் வைத்து அதை அடைத்தார்கள். அந்த வழியை மறுபடி எக்காலத்துக்கும் திறக்கக் கூடாது. கதவுக்கு வெளிப்பூட்டு இல்லாததால், பந்தல்காரர் விட்டுப்போன பலகையில் மூன்று துண்டு அறுத்து, ஒரு முனை கதவிலும் ஒரு முனை நிலையிலும் இருக்கிற மாதிரி மேலே, நடுவே, கீழே என்று வைத்து அப்பா ஸ்குரூ போட்டார். கதவில் ஆறு, நிலையில் ஆறு. எல்லாம் மூன்று அங்குல இரும்பு ஸ்குரூ. அவர் முறுக்கும்போது நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்காவின் போனை யாரும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை நாலரைக்கு அது உள்ளே அடித்தது.

நாங்கள் மூன்று பேரும் எழுந்து உட்கார்ந்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நிற்கும், அடிக்கும், நிற்கும். பட்டன் போன் என்பதால் சார்ஜ் லேசில் இறங்காது. மூன்றாம் நாள் அம்மா பெரியப்பாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள்.

"ஒரு நிமிசம் மாமா. தொறந்து, அத மட்டும் அமத்திட்டு மூடிருவோம்."

"புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு? அடைப்பு நாள்ல வாசலத் தாண்டுனா அது இன்னொண்ணு கேக்கும். கெழடு கட்டையக் கேக்காது, அதே வயசுலதான் கேக்கும். ஒத்த ஆம்பளப் புள்ளைய வச்சிருக்க, பாத்துக்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவன் நான். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். இதெல்லாம் ஒன்றுமில்லை, நான் போய் அமர்த்துகிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று காலேஜில் எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா அம்மாவின் மனம் நோகக் கூடாது என்பதற்காக இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. என் உயிரை நினைத்து.

ஐந்தாம் நாள் இரவு பஸ்ஸில் ஓசூருக்குக் கிளம்பிவிட்டேன். அதற்கு மேல் லீவு இல்லை என்று வீட்டில் சொன்னேன். இருந்தது.

அதற்குப் பிறகு அப்பா ஸ்குரூக்களின் தலையை ராவிவிட்டார் என்பதை அம்மா போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அவர் சொல்லவும் இல்லை. சித்திரையில் ஆறு மாதம் முடிந்ததும் ஓர் ஆசாரியை அழைத்து வந்தார்கள். அவர் தடவிப் பார்த்துவிட்டு, "கிரைண்டர் போட்டாத்தான் ஆகும், இல்ல கடப்பாறைய விட்டு நெம்பணும்," என்றார். அப்பா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அக்கா வாங்கிய கதவு, அதில் ஒரு கீறல் விழக் கூடாது என்பது அவர் பேச்சு. வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சளும் கல்லுப்பும் கரைத்த தண்ணீரை அந்தக் கதவின் மேல் தெளித்து வந்தாள். காத்துக் கருப்பு அண்டாமல் பிள்ளை உள்ளே பத்திரமாக இருக்கட்டும் என்று. உப்புத்தண்ணீர் குடித்துக் குடித்து இரும்பு மரத்தோடு மரமாகக் கவ்விக்கொண்டது.

நான் வந்த முதல் நாள் காலை கீரனூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் கேட்டேன்.

"வெட்டு இல்லாத ஸ்குரூவுக்குத் திருப்புளியா? மொட்டத் தலைக்குச் சீப்பு கேக்குறீங்களே தம்பி," என்று கடைக்காரர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வெட்டு இல்லன்னா நீங்களா ஒண்ண வெட்டிக்கிற வேண்டியதுதான்," என்றார். ஒரு ஹேக்ஸா பிளேடு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று மத்தியானத்திற்குள் மூன்று ஆயுதங்கள் செய்தேன். நாலு அங்குல ஆணியைச் சூடாக்கி, ஆட்டுக்கல்லில் வைத்து நுனியைத் தட்டித் தட்டையாக்கிச் சிற்றுளி. பிளேடை ஒடித்து, ஒரு பாதிக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றிப் பிடி போட்டு ஒரு குட்டி ரம்பம். அப்பாவின் பெட்டியில் வாய் உடைந்த ஒரு ஸ்பானர் கிடந்தது. அதன் காம்பு முனையை ராவி ஒரு திருப்புளி. ராவுவதற்கு அந்தப் பெட்டியில் ஒரே ஓர் அரம்தான் இருந்தது. அதன் பல்லிடுக்கில் பழைய இரும்புத்தூள் இன்னும் ஒட்டியிருந்தது.

அப்பா முற்றத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வேலைக்கும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை.

நிலையில் உள்ள ஆறையும் எடுத்தால் போதும், பலகைத் துண்டுகள் கதவோடு ஒட்டியபடியே கதவு திறந்துவிடும். கதவில் இருப்பவற்றைத் தொட வேண்டியதில்லை. மேலிருந்து இரண்டிரண்டாக இறங்கலாம் என்று இடப்பக்கத்து ஸ்குரூவில் ஆரம்பித்தேன். தலையைச் சுற்றிப் பலகையைச் சிற்றுளியால் கொத்தி எடுத்தேன். பலகை போனால் போகட்டும். தலை முழுவதும் வெளியே தெரிந்ததும் அதன் நடுவில் ரம்பத்தால் புதிதாக ஒரு வெட்டுப் போட்டேன். ஸ்பானர் காம்பை அதில் வைத்து, கதவைத் திறந்துவிடப் போகிற அவசரத்தில், இடப்பக்கமாக ஒரே தம்மில் திருப்பினேன்.

டப்பென்று தலை முறிந்து என் காலடியில் விழுந்தது. தண்டு நிலைக்குள் நின்றுவிட்டது.

முற்றத்திலிருந்து குரல் வந்தது. "மொதல்ல எறுக்கணும்டா. எறுக்கிட்டுத்தான் தளத்தணும்." அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

டிப்ளமோவில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. அல்லது சொன்ன அன்று நான் கவனிக்கவில்லை.

அம்மா அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் கொடுத்தாள். அதை அடுத்த ஸ்குரூவின் தலையில் வைத்து அழுத்தி, ஆறவிட்டு, மறுபடி வைத்தேன். வேப்ப நிலை லேசாகப் புகைந்தது. கசப்பு வாடை ஹாலெல்லாம் அடித்தது. மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து கோழி இறகால் சொட்டுவிட்டேன். பிறகு வலப்பக்கமாக ஒரு நூல் அளவு இறுக்கினேன். உள்ளே எங்கோ க்ரிச் என்று துரு உடைந்தது. இடப்பக்கம் திருப்பினேன். கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. ஒரு ஸ்குரூவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பொழுது சாய்வதற்குள் அதையும் அதற்குக் கீழே ஒன்றையும் எடுத்தேன். கையில் இரண்டு கொப்புளம்.

மறுநாள் காலை நான்காவது. நடுப்பலகையில் இரண்டாவது. கொத்தி, வெட்டுப் போட்டு, சூடு வைத்து, வழக்கம்போல வலப்பக்கம் இறுக்கினேன். பிடிமானமே இல்லாமல் சுற்றியது. இடப்பக்கம் திருப்பினால் நான்கே சுற்றில் கையோடு வந்துவிட்டது. மற்றவை கருவேல முள்போலக் கவ்விக் கிடக்கும்போது இது மட்டும் எண்ணெயில் ஊறியதுபோல.

"இது மட்டும் எப்படிப்பா இவ்வளவு லேசா வந்துச்சு?" என்று சும்மாதான் கேட்டேன்.

அப்பா எழுந்து உள்ளே வந்தார். நான் வந்ததிலிருந்து அவர் அந்தக் கதவின் பக்கமே வரவில்லை. அந்த ஸ்குரூவை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார்.

"இது ஒரு தடவ கழட்டி மாட்டுனது," என்றார்.

நான் ஸ்பானர் காம்பைக் கீழே வைத்தேன்.

"நீ ஓசூரு போனீல்ல, அதுக்கு மறுநா காலையில. அலாரம் அடிச்சு ஓஞ்சிருச்சு. ஒங்கம்மா அழுதுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. பெறகு அஞ்சு மணி இருக்கும். உள்ள ரெண்டு மணி அடிச்சுச்சு. ரெண்டே ரெண்டு. நின்னுபோச்சு."

அது நான்தான். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பையைக் கீழே வைத்து, போனை எடுத்து, அக்காவின் எண்ணைப் போட்டு, இரண்டு மணி கேட்டதும் துண்டித்தேன். துண்டித்த பிறகுதான் என்ன செய்தேன் என்பதே எனக்கு உறைத்தது. கைப்பழக்கம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்து, பதினோரு மாதம் அதை எனக்குள்ளேயே வைத்திருந்தேன்.

"ரெண்டு மணி அடிச்சா அடுத்து உள்ளேருந்து ஒரு சத்தம் வரணும்ல," என்றார் அப்பா. "தம்பி போய்ச் சேந்துட்டான்னு. நான் ஒக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். வரல."

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"திருப்புளிய எடுத்தேன். கைக்கு வந்தது இது. கழட்டிட்டேன். அடுத்ததுல வைக்கிறப்ப அண்ணன் சொன்னது காதுல விழுந்துச்சு. இன்னொண்ணு கேக்கும்னு. நீ அப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்கி நிக்கிற. கழட்டுனத அந்த ஓட்டையிலயே போட்டு மறுபடி முடுக்குனேன்." கொஞ்ச நேரம் அந்த ஸ்குரூவையே உருட்டிக்கொண்டிருந்தார். "மறுநாளும் அலாரம் அடிக்கும்ல. எனக்கு என் கையி மேல நம்பிக்கையில்லடா. அதான் ராவிப்புட்டேன்."

"நான்தாம்ப்பா அது. தெரியாம..."

"தெரியும். வேற யாரு ரெண்டு மணியோட நிப்பாட்டுவா?" என்றார். கோபமாக இல்லை. அதற்குப் பிறகு முற்றத்துக்குப் போகவில்லை. கம்பியை அடுப்பிலிருந்து எடுத்துத் தருகிற வேலையை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

ஐந்தாவதும் ஆறாவதும் அன்று முழுவதும் பிடித்தன. ஆறாவது தரைக்கு ஒரு முழம் மேலே, உப்புத்தண்ணீர் வழிந்து தேங்கும் இடம். நான் படுத்துக்கொண்டு வேலை செய்தேன். அப்பா என் தலைமாட்டில் குந்தியிருந்தார். "அவசரப்படாத. திரும்ப உள்ள விடு. இப்ப வா. உள்ள விடு." அவர் கிணற்றுக்குள் மாட்டிய மோட்டாரைத் தூக்கும்போது ஆட்களிடம் பேசுவதும் இந்தக் குரலில்தான்.

முதலில் முறிந்த தண்டு பாக்கி இருந்தது. மேல்பலகையைப் பிடித்திருந்தது இனி அது ஒன்றுதான். தலை இல்லாததால் பலகையை அதிலிருந்து உருவிவிடலாம் என்று நினைத்தேன். துரு விடவில்லை. நெம்பினால் கதவில் பதியும். அம்மா பரணில் கிடந்த ஓர் ஒடிந்த குடையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அதன் தண்டு உள்ளே குழலாக இருக்கும். ஒரு சாண் அறுத்து, ஒரு முனையில் அரத்தால் பல் பல்லாக வெட்டினேன். மறுமுனையில் குறுக்கே ஆணியைச் செருகிக் கைப்பிடியாக்கினேன். முறிந்த தண்டு குழலுக்குள் போகிற மாதிரி வைத்து, இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி, அதைச் சூழ்ந்த மரத்தை மட்டும் அறுத்தேன். மூன்றாம் நாள் காலையெல்லாம் அதற்கே போயிற்று. நானும் அப்பாவும் மாற்றி மாற்றிச் சுற்றினோம். பத்து மணி வாக்கில் குழலுக்குள் மரமும் தண்டும் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றின. இழுத்தேன். வந்துவிட்டது. நிலையில் என் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

இனி இழுத்தால் கதவு திறந்துவிடும். மூன்று பேரும் நின்றோம். அம்மா சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் இழுக்கவில்லை.

அப்பா விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டினார். தட்டிவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நின்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகுதான் இழுத்தார்.

உள்ளே கட்டிலில் பாய் விரித்தபடி இருந்தது. கம்பெனி அடையாள அட்டை நாடாவோடு ஆணியில் தொங்கியது. ஷூவுக்குள் பல்லி முட்டை. பின்சுவரில் புதுச் செங்கல் மட்டும் பூச்சு இல்லாமல், ஓர் ஆள் நீளத்துக்கு. போன் மாடத்தில் இருந்தது. அவள் வைத்த இடத்திலேயே.

அம்மா அறையைக் கூட்டி, விளக்கேற்றி, புதுச் சேலையைப் பனைப்பெட்டியில் மடித்து வைத்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்று முறை கூப்பிட வேண்டும். இரண்டாவது முறையே அவளால் முடியவில்லை. மூன்றாவதை அப்பா கூப்பிட்டார்.

சாயங்காலம் போனை சார்ஜில் போட்டேன். எண் செத்துப்போயிருந்தது. ஆனால் போனுக்கு உயிர் வந்தது. எடுக்காத அழைப்புகள் வரிசையாக நின்றன: கம்பெனி, கூட வேலை பார்த்த பெண்கள், மறுபடி கம்பெனி. அவற்றின் நடுவில் ஒன்று, ஆங்கில எழுத்தில் எழுத்துப்பிழையோடு ‘தம்பி’ என்று. அப்பா பார்க்கிறாரா என்று பார்த்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"அது அடிக்குமாடா, காலையில?" என்று அம்மா கேட்டாள்.

"மணி தப்பா ஓடுதும்மா. அடிக்காது."

"மணிய சரி பண்ணி வையி."

சரி பண்ணி வைத்தேன். மறுநாள் நாலரைக்கு அடித்தது. நான் எழுவதற்குள் அப்பா எழுந்து போய்விட்டார். எதை அமுக்க வேண்டும் என்று தெரியாமல் ஒவ்வொரு பட்டனாக அமுக்கும் சத்தம் கேட்டது. நான் போகவில்லை. அவரே கண்டுபிடித்து அமர்த்தினார்.

அன்று இரவு பஸ் ஏறினேன். ஓசூரில் இறங்கியபோது மணி ஐந்து. பையைக் கீழே வைத்தேன். போனை எடுத்து யாருக்கு அடிப்பது என்று நின்றேன். அப்பாவின் எண்ணுக்கு அடித்தேன், இரண்டு மணியில் துண்டித்துவிடலாம் என்று. முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"சேந்துட்டியா?"

"சேந்துட்டேம்ப்பா."

"சரி." அடுப்படியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வது எனக்குக் கேட்டது. "இந்தா, தம்பி போய்ச் சேந்துட்டானாம்!" பிறகு என்னிடம், "அந்தக் கதவு காத்துக்கு அடிச்சுக்கிட்டே கெடக்குடா. வெளிய கொண்டி ஒண்ணுமில்லைல. ராத்திரியெல்லாம் டப்பு டப்புன்னு தூங்க விடல."

"உள்ள தாழ்ப்பா இருக்கேப்பா," என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். உள்ளே தாழ்ப்பாள் போட ஆள் வேண்டும்.

"நம்ம போட்ட பலகை மூணும் கதவுல அப்படியேதான் நிக்கிது," என்றார். "நெலையில மறுபடி ஓட்டை போட்டு, ஒரு ஸ்குரூ மட்டும்..."

"ஸ்குரூ வேணாம்ப்பா. ஒரு கயித்தப் போட்டுக் கட்டி வைங்க. நான் வாரப்ப பாத்துக்கலாம்."

"கயிறா," என்றார். யோசித்தார். "சரி, கயிறே போடுறேன்."